இருக்கிறவன் பேர்

மழைக்காலம் வந்துவிட்டால் அந்தத் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியைத் தவிர வேறு எதுவும் வாய் திறக்காது. படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கட்டிக் கிடக்கும். இறால் உரிக்கும் கொட்டகையில் பாதி மேசைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஐஸ் கம்பெனி மட்டும் ஓடும். வாங்க ஆள் இருக்கிறதோ இல்லையோ, ஒரு தடவை நிறுத்தினால் தொட்டியைத் திரும்பக் குளிர வைப்பதற்குள் தலையால் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று முதலாளி அதை அரை வேகத்தில் உறும விட்டிருப்பார். அப்படிப்பட்ட ஒரு மழையில்தான் ஐஸ்காரனுக்கு முதல் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. சும்மா சொல்லக் கூடாது, நல்ல எடை, நல்ல குரல். தொப்புள் காய்ந்து விழுந்து, முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி, கழுத்துக்கூட நிற்க ஆரம்பித்துவிட்டது. பேர்தான் வைத்தபாடில்லை.

வீட்டில் ‘பயல்’ என்றார்கள். தடுப்பூசி போடுகிற இடத்தில் நர்ஸம்மா தாயின் பேரைச் சொல்லி, “அவங்க குழந்தை வாங்க” என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய், இன்னும் பேர் வைக்காமல் என்ன செய்கிறீர்கள், பெரிய மனுஷனானதும் அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டீர்களா என்று கேட்டுவிட்டாள். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தாய்க்காரியும் சிரித்து வைத்தாள். வேறு என்ன செய்வாள்.

ஐஸ்காரன் என்றால் ஐஸ் விற்கிறவன் இல்லை. கம்பெனியில் கட்டி எடுக்கிறவன். நீளத் தகரப் பெட்டிகளில் தண்ணீர் பிடித்து, உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, உறைந்ததும் தூக்கி, வெறும் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கவிழ்த்தால் கட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதைக் கொக்கியால் இழுத்து அரவை இயந்திரத்தின் வாயில் தள்ளுவதும், வண்டியில் ஏற்றிப் பக்கத்துத் துறைகளுக்குக் கொண்டுபோய் இறக்குவதும் அவன் வேலை. வேலை முடிந்து வந்தால் அவன் கை கல் மாதிரி குளிர்ந்திருக்கும். அடுப்பில் காட்டிச் சூடாக்கிக்கொள்ளாமல் பயலைத் தொடக்கூடாது என்பது வீட்டில் போட்ட சட்டம். சட்டத்தைப் போட்டது பெண்டாட்டி இல்லை, அண்ணி.

அந்த வீட்டில் இரண்டு பெண்கள். ஐஸ்காரனின் பெண்டாட்டி இளையவள். அண்ணன் பெண்டாட்டி மூத்தவள். ஒரே நீள அறையைப் பலகையால் மறித்து இரண்டாக்கியிருந்தார்கள். பலகை கூரைவரை எட்டவில்லை. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் தூக்கம் கலையும். அடுப்பு ஒன்று, குழாய் ஒன்று, கொடி ஒன்று. ஓரகத்திகள் எண்ணெயும் தண்ணீருமாக இருப்பார்கள் என்று கல்யாணத்தின்போது இளையவளைப் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். வந்து பார்த்தால் அப்படி ஒன்றும் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு வெந்நீர் ஊற்றியதும், பால் கட்டிக் காய்ச்சல் வந்த சமயம் ஈரத்துணி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் மூத்தவள்தான். பெற்ற தாய் இருந்தால் இதைவிட என்ன செய்திருப்பாள் என்று இளையவள் நினைத்துக்கொள்வாள். மூத்தவளுக்குப் பிள்ளை இல்லை.

புருஷன் இருக்கிறானா என்றால், அதில்தான் சிக்கல். பெரியவன் படகு ஓட்டி. இளையவள் கல்யாணமாகி வருவதற்கு முந்தி ஒரு புயலில் படகோடு போனான். படகின் பேர் எழுதிய பலகை ஒன்று கரையில் ஒதுங்கியது. கூடப் போனவர்களின் வீடுகளில் அழுது தீர்த்து, செய்ய வேண்டியதைச் செய்து, அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். மூத்தவள் மட்டும் அழவில்லை. உடம்பைப் பார்க்காமல் எதை வைத்து அழுவது என்று கேட்டாள். இன்றுவரை அவனுடைய மழைக்கோட்டை மாதம் தவறாமல் கொடியிலிருந்து எடுத்துத் துடைப்பாள், மடிப்பில் விரிசல் விடாமல் இருக்க எண்ணெய் தொட்டுத் தடவுவாள். அழுதுகொண்டு செய்வதில்லை. பாத்திரம் தேய்க்கிற முகத்தோடு செய்வாள். அந்த முகத்தைப் பார்க்க மாட்டாமல் இளையவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

இனி பேருக்கு வருவோம். அந்தக் குடும்பத்தில் பேர் வைக்க ஒரு முறை இருந்தது. அந்தத் தெருவில் வேறு எந்த வீட்டிலும் கிடையாது. ஐஸ்காரனின் அப்பாவுக்கு, அதாவது மாமனாருக்கு முந்தி யாரோ ஏற்படுத்தியது. வீட்டில் பிறக்கிற முதல் ஆண் பிள்ளைக்கு, அந்த வீட்டிலிருந்து கடைசியாகப் போன ஆணின் பேரை வைக்க வேண்டும். இருக்கிறவன் பேரை எந்தக் காரணத்துக்காகவும் வைக்கக் கூடாது. வைத்தால் இருக்கிறவனுக்கு ஆகாது. அப்படித்தான் பெரியவனுக்குச் செத்துப்போன சித்தப்பன் பேர் வந்தது, மாமனாருக்கு அவர் தாத்தாவின் பேர் வந்தது. மாமனார் நெஞ்சுவலியில் போனவர். பெரியவன் அதற்குப் பிறகு போனவன், போனான் என்று ஒப்புக்கொண்டால்.

ஒப்புக்கொண்டால் பயலுக்குப் பெரியவன் பேர். இல்லாவிட்டால் மாமனார் பேர். இதற்கு நடுவில் வேறு வழி கிடையாது. எல்லா வீட்டிலும் புருஷனும் பெண்டாட்டியும் பேருக்காக முட்டிக்கொள்வார்கள். உன் பக்கத்துப் பேரா என் பக்கத்துப் பேரா, கூப்பிட நன்றாக இருக்கிறதா என்று. அது சந்தோஷச் சண்டை. இங்கே பேர் வைப்பதென்பது ஒரு மனுஷன் இருக்கிறானா செத்தானா என்று தீர்ப்புச் சொல்கிற வேலையாகிவிட்டது. அதுவும் பலகைக்கு அந்தப் பக்கம் அவன் பெண்டாட்டி உட்கார்ந்திருக்கும்போது.

ஐஸ்காரன் அண்ணன் பேர்தான் என்று நின்றான். வேறு விஷயத்தில் எல்லாம் அவன் பெண்டாட்டி போட்ட கோட்டைத் தாண்டாதவன். இதில் மட்டும் பிடித்த பிடி விடவில்லை. இளையவள் கெஞ்சிப் பார்த்தாள், முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து பார்த்தாள், ஒரு நாள் சோறு போடாமலும் பார்த்தாள். அக்கா காதுபட அந்தப் பேரை எப்படிக் கூப்பிடுவது, தொட்டிலை ஆட்டும்போது, சோறு ஊட்டும்போது, திட்டும்போது எல்லாம் அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லி, நாளுக்கு நூறு தடவை அக்காவை முண்டச்சி ஆக்குவதா என்று கேட்டாள். எல்லாம் பலகைக்குக் கேட்காதபடி வாய்க்குள்தான். வாய்க்குள் போடுகிற சண்டைக்குத்தான் உறைப்பு அதிகம். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, அண்ணன் பேர்தான் என்பான். ஏன் என்றால் சொல்ல மாட்டான்.

சரி, இரண்டு பேரும் வேண்டாம், புதிதாக ஒரு பேர் வைப்போம், ஊரில் இல்லாத பேரா என்றும் கேட்டாள். அதற்கு அவன் சொன்னது நியாயம்தான். வழக்கத்தை உடைத்தால் அண்ணி ஏன் என்று கேட்பாள். எதையோ மறைக்கிறோம் என்று ஆகும்.

மழை கொஞ்சம் விட்டு நாலு படகு போய் வந்ததும் கொட்டகையில் ஆள் கூப்பிட்டார்கள். இளையவள் பயலைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். மீன் அடைக்கிற தெர்மோகோல் பெட்டியில் புதிதாக ஒன்றை எடுத்துத் துணி விரித்துப் படுக்க வைத்தால் தொட்டிலுக்குத் தொட்டிலும் ஆச்சு, தரையின் ஈரமும் ஏறாது. அந்தக் கொட்டகையில் வளர்ந்த பிள்ளைகள் எல்லாம் அப்படிப் பெட்டியில் வளர்ந்தவைதான். மேசையில் ஐஸ் தூளோடு இறாலைக் கொட்டுவார்கள். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகில் ஓடுகிற கறுப்பு நரம்பை நகத்தால் இழுத்துப் போட்டுத் தட்டில் எறிய வேண்டும். சற்று நேரத்தில் விரல் மரத்துவிடும். மரத்த பிறகுதான் வேகம் வரும். மூத்தவள் கை ஓடுகிற வேகத்துக்கு அந்தக் கொட்டகையில் ஈடு கிடையாது. தன் தட்டு நிறைந்ததும் யாருக்கும் தெரியாமல் ஒரு குத்து அள்ளி இளையவள் தட்டில் போடுவாள்.

தட்டுகளை எடை போடுகிறவரைத் தராசுக்காரர் என்பார்கள். பெண்டாட்டியை இழந்தவர். ஒரு மகள், அவளும் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அதிர்ந்து பேசாதவர். மற்றவர்கள் தட்டில் ஓடு ஒட்டியிருந்தால் திருப்பி அனுப்புகிறவர், மூத்தவள் தட்டை மட்டும் பார்க்காமலே எடை போடுவார். பெண்கள் இதைக் கவனித்துச் சிரித்துக்கொள்வது அவருக்கும் தெரியும். பிரசவத்துக்கு முன்பே ஒரு நாள் அவர் இளையவளைக் கூப்பிட்டு, காதெல்லாம் சிவந்து, உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். அவசரம் இல்லை என்றும், வேண்டாம் என்றால் தப்பாக நினைக்க மாட்டேன் என்றும், அதற்காகத் தட்டைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்துவிட மாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னார்.

இளையவள் பயந்து பயந்துதான் கேட்டாள். மூத்தவள் கோபப்படவில்லை. கையிலிருந்த இறாலை உரித்து முடித்துவிட்டு, “பிள்ளை பொறக்கட்டும். அதுக்குப் பேர் வெச்சு முடியட்டும். அப்புறம் சொல்றேன்” என்றாள். தட்டிக் கழிக்கிறாள் என்று இளையவள் எடுத்துக்கொண்டாள். தராசுக்காரரிடமும் அப்படித்தான் பட்டும் படாமல் சொல்லி வைத்தாள்.

இப்போது மூத்தவள் தினமும் கேட்டாள். பேர் என்ன ஆச்சு? தம்பி என்ன சொல்றார்? நாள் பார்த்தாச்சா? ஆசையாகக் கேட்கிறாள் என்று நினைத்து இளையவள் ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சமாளிப்பாள். ஒவ்வொரு தடவையும் பொய் சொன்ன வாய் கசக்கும். இனி தாங்காது என்று ஆனபோதுதான் அவள் ஐஸ் கம்பெனிக்குப் போனாள்.

வீட்டில் சண்டை போட இடம் இல்லாதவர்களுக்கு ஐஸ் கம்பெனி நல்ல இடம். இயந்திரச் சத்தத்தில் காதுக்குப் பக்கத்தில் வாய் வைத்துப் பேசினாலே பாதிதான் கேட்கும். மத்தியானச் சாப்பாட்டைக் கொடுக்கிற சாக்கில் போனாள். பயலை மூத்தவளிடம் விட்டுவிட்டுப் போனாள். கம்பெனிக்குள் நல்ல வெயில் காலத்திலேயே பல் கிட்டும்; மழைக்குக் கேட்க வேண்டாம். தொட்டியின் மேல் பரப்பிய மரப் பலகைகளின் மீது சாக்கைப் போட்டு ஐஸ்காரன் உட்கார்ந்திருந்தான். சாப்பாட்டுப் பாத்திரத்தை அவன் முன்னால் வைத்துவிட்டு, இன்றைக்கு ஒன்று தெரியாமல் போக மாட்டேன் என்றாள். செத்தது நிச்சயம் இல்லாத மனுஷனைச் செத்துவிட்டான் என்று சொல்ல அவனுக்கு எப்படி மனசு வருகிறது என்று கேட்டாள். உங்கள் அண்ணன்தானே என்று கேட்டாள்.

ஐஸ்காரன் பாத்திரத்தைத் திறக்கவில்லை.

“நிச்சயம் இல்லைன்னு யார் சொன்னது?” என்றான்.

அவளுக்கு முதலில் சரியாகக் கேட்கவில்லை என்று தோன்றியது. குனிந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நான் பார்த்தேன்.”

“யாரை?”

“அண்ணனை. நான்தான் ஐஸ் போட்டேன்.”

அவன் சொன்னது இதுதான். புயல் அடங்கிச் சில நாள் கழித்து, வடக்கே இருக்கிற சின்னத் துறையிலிருந்து ஐஸ் கேட்டு ஆள் வந்தது. மீனுக்கு இல்லை. ஒரு உடம்பு ஒதுங்கியிருக்கிறது, விசாரணைக்கு ஆள் வரும்வரை கெடாமல் இருக்க வேண்டும் என்றார்கள். இவன்தான் வண்டியில் போனான். மீன் வைக்கிற அறையில் தரையில் கிடத்தியிருந்தார்கள். முகம் இல்லை. மீன் தின்றுவிட்டது. ஐஸைத் தட்டி இரண்டு பக்கமும் கொட்டிக்கொண்டே வந்தவன் இடது தோளில் தழும்பைப் பார்த்தான். சின்ன வயதில் ஐஸ் கொக்கியை வைத்து விளையாடும்போது இவனே குத்தி வந்த தழும்பு. மூன்று தையல். அதற்காக அப்பாவிடம் இரண்டு பேரும் அடி வாங்கியிருந்தார்கள், குத்தியவனும் குத்து வாங்கியவனும்.

“தெரிஞ்ச ஆளான்னு கேட்டாங்க” என்றான். “இல்லைன்னு தலையை ஆட்டிட்டேன்.”

இளையவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவனே சொன்னான்.

“அப்போ அண்ணி சோறு தண்ணி இல்லாம கெடந்தாங்க. அவரு இல்லைன்னு தெரிஞ்சா நானும் அதே கடல்ல இறங்கிடுவேன்னு சொன்னாங்க. சொன்னா செய்வாங்க, உனக்குத் தெரியாதா? கொஞ்ச நாள் போகட்டும், உடம்பு தேறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு நெனைச்சேன். அதுக்குள்ள அவங்க யாரோ ஒருத்தன்னு பொதைச்சுட்டாங்க. பேர் இல்லாம. அடையாளத்துக்கு ஒரு கல்லுகூட இல்ல. அப்புறம் போய் நான் என்னன்னு சொல்றது? பார்த்தேன், தெரியாதுன்னு சொன்னேன், அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்னு சொல்றதா?”

இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. மேலே தகரக் கூரையில் மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

“கேட்டதுக்கு மேல ரெண்டு கட்டி சேர்த்துப் போட்டேன்” என்றான். “அவ்வளவுதான் என்னால முடிஞ்சது.”

இளையவள் அழுதாள். அவனுக்காகவா, செத்தவனுக்காகவா, அக்காவுக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. இத்தனை நாள் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு இந்த மனுஷன் எப்படிச் சோறு தின்றான், எப்படித் தூங்கினான் என்று நினைத்தாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்ததெல்லாம் தூங்குவதற்கு இல்லை என்று இப்போது புரிந்தது. அவன் கையைப் பிடித்தாள். அது எப்போதும்போல் குளிர்ந்திருந்தது.

“அண்ணனுக்கு ஒரு பேராவது மிஞ்சட்டும்னுதான் கேட்கிறேன்” என்றான். “அப்பா பேரை வெச்சா அண்ணன் இருக்கான்னு அர்த்தம். இந்த வாயால தெரியாதுன்னு ஒரு தடவை சொல்லியாச்சு. திரும்பவும் அதையே சொல்லச் சொல்றியா?”

நெடுநேரம் பேசினார்கள். சாப்பாடு ஆறிப்போனது. அவள் சொன்னது இரண்டே வழி. ஒன்று, அக்காவிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, அவள் அழுது ஓய்ந்த பிறகு அண்ணன் பேரை வைப்பது. சொல்ல முடியாது என்றால் மாமனார் பேர். சொல்லாமல் அண்ணன் பேரை வைத்து, ஏன் என்று அக்கா கேட்க, ஊர்க்காரர்களெல்லாம் சொல்கிறார்கள் என்று மழுப்புவது மட்டும் கூடாது. அது கழுத்தை அறுப்பது என்றாள். ஐஸ்காரன் முதல் வழிக்குத் தலையை ஆட்டினான், பிறகு இல்லை என்று ஆட்டினான். அண்ணி முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் ஆகாது என்றான். நான் சொல்லட்டுமா என்று அவள் கேட்டதற்கு, என் குற்றத்தை உன் வாயால் சொல்ல வைப்பேனா என்றான். கடைசியில் அவனே, “சரி, அப்பா பேரே இருக்கட்டும்” என்றான். தோற்றுப்போனவன் குரலில் சொன்னான்.

இளையவளுக்கு அந்த நேரத்தில் ஒரு பாரம் இறங்கிய மாதிரிதான் இருந்தது. பொய்தான். ஆனால் யாருக்கு என்ன கெடுதல்? அக்கா கோட்டைத் துடைத்துக்கொண்டு, பயலைக் கொஞ்சிக்கொண்டு, இருக்கிறபடி இருக்கட்டும். நாளாவட்டத்தில் தானே ஆறிப்போவாள். ஆறாத புண் எது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மழையில் வீட்டுக்கு நடந்தாள். பேர் விஷயத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒத்துப்போனது அப்படித்தான்.

ஒரு விடுமுறை நாளில் காலையில் பேர் வைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர், ஐஸ் வண்டி டிரைவர், அவ்வளவுதான் கூட்டம். பாயசம் மூத்தவள் செய்தது. அன்றைக்கு அவள் இருந்த இருப்பே சரியில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பொங்க விட்டாள். சர்க்கரையை இரண்டு தடவை போடப் போனாள். வந்தவர்களுக்கு உட்கார இடம் காட்டாமல் பலகையில் சாய்ந்து நின்று ஐஸ்காரனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐஸ்காரன் கையை அடுப்பில் காட்டிவிட்டு வந்து பயலைத் தூக்கினான். அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

பெண்கள் நல்ல பேர் என்றார்கள். டிரைவர் கை தட்டினான். மூத்தவள் பலகையை விட்டு நிமிர்ந்தாள். பிறகு பாயசத்தை எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். கவனம் தப்பி டிரைவர் சட்டையில் கொஞ்சம் சிந்தியது. அதற்குச் சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து இளையவள் பார்த்ததே இல்லை. வந்தவர்கள் போனதும், இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிக் குடைகூட எடுக்காமல் கிளம்பிப் போனாள்.

அவள் திரும்பி வந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த இளையவள் பக்கத்தில் வந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முகம் துலக்கி வைத்த விளக்கு மாதிரி இருந்தது.

“தராசுக்காரர் வீட்டுக்குப் போயிட்டு வரேன்” என்றாள்.

“எதுக்குக்கா?”

“பதில் சொல்லணும்ல? பேர் வெச்சதும் சொல்றேன்னு சொன்னேனே. பாவம், மனுஷன் எத்தனை நாள் காத்திருப்பாரு. வேணாம்னு சொல்லிட்டேன். வேற நல்ல இடமா பார்த்துக்குங்கன்னு சொல்லிட்டேன். சரின்னு தலையை ஆட்டினாரு. அப்புறம் குடை தரட்டுமான்னு கேட்டாரு.”

இளையவள் கையிலிருந்த பாத்திரம் அப்படியே நின்றது.

“உன்கிட்ட சொல்றதுக்கு என்ன” என்றாள் மூத்தவள். “நான் சரின்னு சொல்றதாத்தான் இருந்தேன். எனக்கும் அலுத்துப்போச்சு. எத்தனை நாள்தான் வாசலையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கிறது. ஆனா நானா அவரு இல்லைன்னு முடிவு பண்ண எனக்கு நெஞ்சு துணியல. நாளைக்கு வந்து நின்னார்னா? அதனால கூடப் பொறந்தவரு சொல்லட்டும்னு விட்டுட்டேன். பயலுக்கு அவரு பேரை வெச்சா, ஒரு மூச்சு அழுது முடிச்சுட்டு அந்த மனுஷனோட போயிடலாம்னு இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் குசுகுசுன்னு சண்டை போடுறது கேட்கும். பேச்சு புரியாது. அவரு பேருக்காகத்தான் சண்டைன்னு மட்டும் தெரியும். தம்பி எந்தப் பக்கம், நீ எந்தப் பக்கம்னு தெரியாம நான் இந்தப் பக்கம் உசுரைக் கையில பிடிச்சுட்டுக் கெடப்பேன்.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு. ஐஸ் வண்டி போகாத துறை உண்டா? அவருக்கு ஏதாவது ஆயிருந்தா தம்பி காதுக்கு வராம போகுமா? தெரியாமலா மாமா பேரை வெச்சாரு? நான்தான் நடுவுல கொஞ்ச நாள் தடுமாறிப்போனேன். இனிமே தடுமாற மாட்டேன்.”

இளையவளுக்குத் தராசுக்காரர் மழையில் வாசலில் நிற்பதும், குடை தரட்டுமா என்று கேட்பதும் கண்ணில் வந்தது. இன்னொரு வீடு, இன்னொரு அடுப்பு, ஒரு பேச்சுத்துணை, எல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. அதைத் தட்டிவிட்டது யார்? அக்காவுக்கு நல்லது என்று நினைத்துப் புருஷனைப் பணிய வைத்த தானேதான். இனி ஒரு நிமிஷம் தாமதித்தாலும் பாவம் என்று பட்டது. சோப்பு நுரையோடு மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, அவர் வர மாட்டார்.”

சொல்லிவிட்டாள். சின்னத் துறையையும், மீன் அறையையும், தோளில் இருந்த தழும்பையும், பேர் இல்லாமல் புதைத்ததையும், ஒன்று விடாமல் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். மூத்தவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கடைசிவரை கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகத்தில் ஒரு கனிவு வந்தது. பிறகு நுரை படிந்த கையைத் தட்டிக் கொடுத்தாள்.

“என்னை அந்த மனுஷனுக்குக் கட்டி வெக்கணும்னு உனக்கு ஆசை” என்றாள். “நல்ல மனசுதான். அதுக்காக ஒருத்தரைச் சாகடிப்பியா?”

“சத்தியமா சொல்றேன் அக்கா.”

“தோள்ல தழும்பு இல்லாத மீன்காரன் யாரு? நீ இந்த வீட்டுக்கு வந்து எத்தனை நாள் ஆகுது, உனக்கு இதெல்லாம் புரியாது. அவரு இல்லைன்னா மாமா பேரையா வெச்சிருப்பாங்க? இந்த வீட்டுல சோத்துக்கு இல்லாம இருந்திருக்காங்க, பேர்ல பொய் வெச்சதில்ல.”

வாசலில் நிழல் தட்டியது. ஐஸ்காரன் வந்து நின்றிருந்தான். எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை. கேட்ட மட்டும் போதும் என்று அவன் முகம் சொன்னது. இளையவள் எழுந்தாள். நீங்களே சொல்லுங்கள் என்று அவனைப் பார்த்தாள்.

“தம்பி” என்றாள் மூத்தவள், தரையில் உட்கார்ந்தபடியே. குரலில் பயம் இல்லை. விளையாட்டுக்குக் கேட்பதுபோல் கேட்டாள். “இவ என்னமோ சொல்றா. நீங்க அவரைப் பார்த்தீங்களாமே?”

ஐஸ்காரன் அண்ணியைப் பார்த்தான். நனைந்த தலையும், துடைத்தும் ஈரமாக இருந்த அந்த முகமும். அவன் உதடு அசைந்தது. இப்போது சொன்னால் எல்லாம் முடிந்துவிடும், இப்போதாவது சொல்லிவிடு என்று இளையவள் மனசுக்குள் கும்பிட்டாள். உள்ளே தொட்டிலில் பயல் சிணுங்கினான். சிணுங்கலைச் சாக்காக வைத்து ஐஸ்காரன் இருவரையும் தாண்டி உள்ளே போனான். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

“கேட்டியா?” என்று இளையவளிடம் சொல்லிவிட்டு மூத்தவள் துணி மாற்றப் பலகைக்கு அந்தப் பக்கம் போனாள். இளையவள் புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் திரும்பவில்லை. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இன்னொரு தடவையும் அந்தப் பேரைச் சொன்னான், பலகைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி.